20 வருஷக் கடன். 5 வருஷம் கட்டியாச்சு. இன்னும் 23 வருஷம் பாக்கியாம்!

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வீட்டுக் கடன் விஷயத்தில் அனுபவம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு கடன் ஸ்டேட்மென்ட்டைப் பிரிண்ட் எடுத்து, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் கடனை 10,00,000 என்று சுருக்கிச் சொல்கிறேன். நாணயமும் உண்மைத் தொகையும் வேண்டாம், விகிதம் எல்லாம் அப்படியேதான். வாங்கும்போது 7 சதவீதம் மாறும் வட்டி, 20 ஆண்டு, மாதத் தவணை 7,753. ஐந்து ஆண்டாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

36-ஆம் வரியில் அசலுக்குப் போனது 2,353. அடுத்த வரியில் 828. அதே தவணை, அதே தேதி, அசல் மட்டும் இப்படி விழுந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் வட்டி 9 சதவீதமாகிவிட்டதாம். அதன் பிறகு இரண்டு வருஷத்தில் கட்டியது 1,86,072, அசல் குறைந்தது வெறும் 21,681. கடைசிப் பக்கத்தில் "மீதித் தவணைகள்: 276" என்று இருக்கிறது. 276 மாதம் என்றால் 23 வருஷம். ஐந்து வருஷம் கட்டின பிறகு 15 வருஷம்தானே மிச்சம் இருக்க வேண்டும்?

எனக்கு இப்போது 41 வயது. கணக்கு முடியும்போது 64. வேலையே அதற்குள் முடிந்துவிடும்.

ஸ்டேட்மென்ட் தப்பா, நான் பார்க்கிறது தப்பா?

---

வரவுசெலவு

அம்மா, நான் 22 ஆண்டு வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். உங்கள் கணக்கை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். ஸ்டேட்மென்ட் சரி, நீங்கள் பார்த்ததும் சரி. அதுதான் வேதனை.

நடந்தது இதுதான். மூன்று ஆண்டு முடிவில் உங்கள் பாக்கி 9,23,348. அதற்கு 9 சதவீதத்தில் ஒரு மாத வட்டியே 6,925. நீங்கள் கட்டுவது 7,753. வட்டி போக மிஞ்சுவது 828, அதுதான் நீங்கள் பார்த்த 37-ஆம் வரி. இந்த வேகத்தில் அசலைத் தீர்க்க அன்றைக்கே ஏறக்குறைய 300 மாதம் தேவைப்பட்டது. கையில் இருந்ததோ 204 மாதம். மீதி 96 மாதத்தை யாரும் உங்களைக் கேட்காமல் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். வட்டி ஏறியது 2 சதவீதம், அதற்கு நீங்கள் கொடுக்கிற விலை எட்டு வருஷம்.

வட்டி ஏறும்போது கடன் கொடுத்தவருக்கு இரண்டு வழி உண்டு. தவணையைக் கூட்டலாம், அல்லது காலத்தை நீட்டலாம். காலத்தை நீட்டினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வரமாட்டார், தவணை தவறவும் மாட்டார், வட்டியும் கூடுதலாக வரும். அதனால் பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள். அன்றே உங்களைக் கூப்பிட்டு "மாதம் 1,100 கூட்டிக் கட்டுகிறீர்களா, 8,853 ஆகும், அதே 204 மாதத்தில் முடிந்துவிடும்" என்று கேட்டிருந்தால்? 204 மாதத்துக்கும் சேர்த்துக் கூடுதல் செலவு சுமார் 2,24,000. காலத்தை நீட்டியதால் ஆகிற கூடுதல் செலவு சுமார் 7,40,000. கேட்காமல் விட்டதன் விலை இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

நான் வேலையில் இருந்தபோது எத்தனையோ பேரிடம், "வட்டி ஏறினாலும் உங்க தவணை மாறாது, கவலையே படாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டு அவர்கள் நிம்மதியாக எழுந்து போனார்கள், எதை இழக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இந்த மாதிரிக் கேள்வி வந்தால் ராத்திரியானாலும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு காகிதத்தைத் தேடி எடுங்கள். ஒன்று, கையெழுத்துப் போட்ட கடன் ஒப்பந்தம். அதில் "வட்டி மாற்றம்" என்ற பகுதி. இரண்டு, வட்டி ஏறியபோது உங்களுக்கு வந்த அறிவிப்பு.

---

நிலாமுற்றம்

ஐயா, ரொம்ப நன்றி. ஒப்பந்தம் கிடைத்தது. 14-ஆம் பக்கம். "வட்டி விகிதம் மாறும்போது தவணைத் தொகையையோ தவணைகளின் எண்ணிக்கையையோ மாற்றியமைக்கக் கடன் வழங்குபவருக்கு உரிமை உண்டு." அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்தும் என் கணவர் கையெழுத்தும் இருக்கின்றன. அன்றைக்கு நாற்பது இடத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டோம். பக்கத்தில் நின்றவர் பென்சிலில் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தார், நாங்கள் கோட்டைப் பார்த்துப் போட்டுக்கொண்டே போனோம்.

அறிவிப்பும் வந்திருக்கிறது. குறுஞ்செய்தி. "தங்கள் கடனின் வட்டி விகிதம் 9.00% ஆகத் திருத்தப்பட்டுள்ளது. தங்கள் தவணையில் மாற்றமில்லை." அன்று இதைப் படித்து நான் சந்தோஷப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது.

---

மெதுநடை

வரவுசெலவு ஐயா சொல்வதில் ஒரு பக்கம்தான் தெரிகிறது. எனக்கு இப்படித்தான் காலம் நீண்டது. அந்தச் சமயத்தில் என் மனைவிக்கு வேலை போயிருந்தது, அப்பாவுக்கு ஆபரேஷன். தவணையை 14 சதவீதம் ஏற்றியிருந்தால் நாங்கள் தவறியிருப்போம். ஒருமுறை தவறினால் அபராதம், கடன் மதிப்பெண் சரிவு, பிறகு நோட்டீஸ். காலம் நீண்டதால்தான் வீடு கையில் நின்றது.

இன்னொன்று. தவணை 7,753 என்பது பத்து வருஷம் கழித்தும் 7,753தான். சம்பளம் அப்படியே நிற்காதே. அன்று அது சின்னத் தொகையாகத் தெரியும். எல்லாரையும் பயமுறுத்தி உடனே கூட்டிக் கட்டச் சொல்வது சரியில்லை.

---

வரவுசெலவு

மெதுநடை தம்பி, உங்கள் குடும்பத்துக்கு அது உதவியது என்பதை நான் மறுக்கவே இல்லை. கஷ்டகாலத்தில் காலத்தை நீட்டுவது நல்ல வழி. நானே பலருக்கு அதை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என் சண்டை எல்லாம் கேட்காமல் நீட்டுவதோடுதான். உங்களுக்கு அது தேவைப்பட்டது. நிலாமுற்றம் அம்மாவுக்கு அன்று 1,100 கூட்டிக் கட்ட முடிந்திருக்கும் என்றால், அவரை யார் கேட்டார்கள்?

சம்பளம் கூடும் என்பதும் சரி. ஆனால் அது கூடும்போது தவணையையும் கூட்டுகிறவர் எத்தனை பேர்? நீட்டின காலம் தானாகச் சுருங்காது. வட்டி இறங்கினால்தான் கொஞ்சம் குறையும், இல்லாவிட்டால் நாம் போய்க் கேட்க வேண்டும்.

உங்கள் வேலை நிலைமை இப்போது எப்படி? சரியாகிவிட்டது என்றால், நீட்டின மாதங்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

---

மெதுநடை

சரியாகி இரண்டு வருஷம் ஆகிறது ஐயா. கேட்கவில்லை. இந்த வாரம் கேட்கிறேன்.

---

பனித்தடம்

கனடாவில் மாறும் வட்டிக் கடன் எடுத்தவன் நான். 2022 மார்ச் தொடக்கத்தில் மத்திய வங்கியின் விகிதம் 0.25 சதவீதம். 2023 ஜூலையில் 5. எங்களில் பலருக்குத் தவணை நிலையானது, வட்டி மட்டும் மாறும். அதனால் ஏறும்போது முதலில் எதுவும் தெரியவில்லை. ஒருநாள் கடிதம் வந்தது: "உங்கள் தவணை இனி வட்டிக்கே போதாது." இங்கே அதற்கு 'ட்ரிகர் ரேட்' என்று பெயர். சிலருக்குக் கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து, கடன் மாதாமாதம் வளரவே ஆரம்பித்தது.

நிலாமுற்றம், உங்கள் ட்ரிகர் எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். தவணையைப் பன்னிரண்டால் பெருக்கி, பாக்கி அசலால் வகுங்கள். உங்களுடைய பாக்கி இப்போது 9,01,667 என்று நினைக்கிறேன். 93,036-ஐ அதனால் வகுத்தால் 10.3 சதவீதம். இன்னும் சுமார் 1.3 சதவீதம் ஏறினால் உங்கள் 7,753 முழுக்க வட்டிக்கே போய்விடும்.

---

நிலாமுற்றம்

பாக்கி சரியாக அதுதான். 10.3 என்பதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. என் கணவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை.

---

கருப்புஅங்கி

நான் சொத்து வழக்குகள் பார்க்கும் வக்கீல். சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

14-ஆம் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறதே என்று நிலாமுற்றம் சோர்ந்துவிட வேண்டாம். கையெழுத்து இருந்தாலும், புரியும்படி சொல்லாத விதி செல்லாது என்று நீதிமன்றங்கள் சொன்னதுண்டு. ஸ்பெயினில் வீட்டுக் கடன் ஒப்பந்தங்களில் ஒரு வரி இருந்தது: சந்தை வட்டி எவ்வளவு இறங்கினாலும் உங்கள் வட்டி இந்த அளவுக்குக் கீழே வராது. மாறும் வட்டி என்று சொல்லித்தான் விற்றார்கள், ஆனால் இறங்கும் பக்கத்தில் மாறாது. 2013 மே மாதம் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வெளிப்படையாகச் சொல்லாமல் சேர்த்த அந்த விதி செல்லாது என்றது. ஆனால் தீர்ப்புத் தேதிக்குப் பிறகு வாங்கிய பணத்தை மட்டும் திருப்பினால் போதும் என்றும் சொன்னது. 2016 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அந்த வரம்பையும் தூக்கிவிட்டது. முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது.

உங்கள் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமானது இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ல் வெளியிட்ட உத்தரவு. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பையும் தர வேண்டும் என்று அப்போது இருந்தது, 2025-ல் அதைக் கடன் கொடுப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். காலத்தை நீட்டுவதால் கடன் வளரும் நிலை வரக்கூடாது. எத்தனை தவணை மிச்சம் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட்டில் காட்ட வேண்டும். உங்கள் கடன் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறதோ, அங்கே இதற்குச் சமமான விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டாலும் எழுத்தில் கேளுங்கள். கவுன்ட்டரில் வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

ஒரு கேள்வி. வீடு யார் பேரில், கடன் யார் பேரில்?

---

நிலாமுற்றம்

கடன் இருவர் பேரிலும். வீடு அவர் பேரில் மட்டும். அன்றைக்கு அவசரத்தில் அப்படி ஆகிவிட்டது.

---

கருப்புஅங்கி

இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது. கடனில் கூட்டுக் கையெழுத்துப் போட்டவர் பாதிக்குப் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. ஆனால் பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்குச் சொத்தில் தானாகப் பங்கு வராது. நாளைக்கு ஒருவர் இல்லாமல் போனாலோ, மனஸ்தாபம் வந்தாலோ, கடன் மட்டும் உங்கள் தலையில் நிற்கும்.

குடும்பத்துக்குள் சந்தேகம் கிளப்ப இதைச் சொல்லவில்லை. இன்று இருவரும் நன்றாக இருக்கும்போது உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அடமானம் இருப்பதால் கடன் கொடுத்தவரின் சம்மதம் தேவைப்படும், செலவும் உண்டு. செய்துவிடுங்கள்.

ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்று சொல்லி வாங்குவார்கள். கடன் வாங்கினவர் கட்டாவிட்டால் கேள்வியே இல்லாமல் உங்களிடம் வருவார்கள்.

---

புதுமனை

எல்லாரும் எழுதுவதைப் படித்துப் படித்துத் தூக்கம் போய்விட்டது. எனக்குக் கடன் அனுமதிக் கடிதம் வந்திருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முதல் வீடு. மூன்று கேள்வி:

7 சதவீதத்துக்கு மாதத் தவணை 20 வருஷம் என்றால் லட்சத்துக்கு 775, 30 வருஷம் என்றால் 665. ஏஜென்ட் 30 எடுக்கச் சொல்கிறார். முதல் இரண்டு வருஷம் 5.5 சதவீதம், அதன் பிறகு "சந்தைப்படி" என்று கடிதத்தில் இருக்கிறது. கடனோடு ஒரு காப்பீடும் சேர்த்திருக்கிறார்கள், கட்டாயம் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வட்டி கிடைக்காதாம்.

---

வரவுசெலவு

தம்பி, வெள்ளிக்கிழமை என்ற வார்த்தையில் இருந்து ஆரம்பிக்கிறேன். அவசரப்படுத்துகிறவர் எதையோ நீங்கள் படித்துவிடக்கூடாது என்று நினைக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ல் வந்த வீட்டுக் கடன் விதிப்படி, கடன் வாங்குகிறவருக்கு யோசிக்கவோ, கையெழுத்துப் போட்ட பிறகு விலகவோ குறைந்தது 7 நாள் தர வேண்டும். அமெரிக்காவில் 2015 முதல், கையெழுத்துக்கு மூன்று வேலை நாள் முன்னதாகவே இறுதிக் கணக்குத் தாள் கைக்கு வந்தாக வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் அப்படி விதி இல்லை என்றால் நீங்களே அந்த ஏழு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் ஓடிப்போகிற வட்டி இருபது வருஷத்துக்கு உங்களோடு நிற்கப் போவதில்லை.

முதல் இரண்டு வருஷம் குறைவு, பிறகு சந்தைப்படி. இதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அமெரிக்காவில் 2008 நெருக்கடிக்கு முன் கொடுத்த சப்பிரைம் கடன்களில் (திருப்பிக் கட்டும் தகுதி குறைந்தவர்களுக்குக் கொடுத்தவை) நிறைய இந்த வடிவம்தான்: இரண்டு வருஷம் நிலையானது, மீதி 28 வருஷம் மாறுவது. இரண்டு வருஷம் முடிந்ததும் தவணை ஏறும், வீட்டின் விலையும் இறங்கிவிட்டால் வேறு கடனுக்கு மாறவும் முடியாது. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: "இரண்டு வருஷம் கழித்து வரும் வட்டியை எதை வைத்துக் கணக்குப் போடுவீர்கள்?" மத்திய வங்கியின் விகிதம் கூட்டல் இத்தனை சதவீதம் என்று பதில் வந்தால், அந்தக் கூட்டல் கடைசி வரை மாறாது என்று எழுதி வாங்குங்கள். "எங்கள் குழு முடிவு செய்யும்" என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் உங்களுக்கு நீங்களே ஒரு பரீட்சை வையுங்கள். கனடாவில் கடன் கொடுப்பவர் ஒப்பந்த வட்டியோடு 2 சதவீதம் சேர்த்து, அதையும் இவரால் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். 2018 முதல் அங்கே அந்த விதி பரவலானது. நீங்களும் சந்தை வட்டிக்கு மேல் 2 வைத்துத் தவணை போடுங்கள். அந்தத் தொகையை மூன்று மாதம் உண்மையிலேயே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். முடிந்தால் வாங்குங்கள். மூச்சுத் திணறினால் சின்ன வீடு பாருங்கள்.

20-ஆ 30-ஆ? உங்கள் கணக்கிலேயே 7 சதவீதத்துக்கு 10 லட்சம் என்றால், 20 வருஷத்தில் மொத்தம் 18,60,700, 30 வருஷத்தில் 23,95,000. மாதம் 1,100 மிச்சம் பிடிக்க 5,34,000 கூடுதல். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை என்று எழுத்தில் இருந்தால் மட்டும் 30 எடுத்து, 20-க்கான தவணையைக் கட்டலாம். அபராதம் உண்டு என்றால் 30 வேண்டாம். இந்தியாவில் தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு 2012-லேயே வங்கிகள் அந்த அபராதம் வாங்கக்கூடாது என்று ஆகிவிட்டது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

20 எடுத்துவிட்டு, ஒவ்வொரு தவணையோடும் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைச் சேர்த்துக் கட்டிப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு தவணைதான் கூடுதல். 240 மாதம் 204 ஆகிவிடும்.

காப்பீடு: உயிர்க் காப்பீடு வேண்டும், குடும்பம் இருக்கிறவருக்குக் கண்டிப்பாக வேண்டும். ஆனால் கடனோடு சேர்த்துக் கட்டியது வேண்டாம். பிரீமியத்தை ஒரே தொகையாக அசலில் ஏற்றுவார்கள். 30,000 பிரீமியம் 7 சதவீதத்தில் 20 வருஷம் ஓடினால் 55,800 ஆகிறது. கட்டாயம் என்றால் அந்த வார்த்தையை அவர்கள் லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை எழுதித் தர முன்வருகிறவர்கள் குறைவு.

---

புதுமனை

எழுதித் தரச் சொல்லி மெயில் அனுப்பிவிட்டேன். வங்கியே வக்கீல் வைத்துப் பத்திரம் பார்த்தாயிற்று, மதிப்பீடும் முடிந்தது. வீட்டைப் பற்றி இனி நான் கவலைப்பட வேண்டியதில்லை, இல்லையா?

---

செங்கல்சூளை

இல்லை தம்பி. நான் சிவில் என்ஜினியர், கடன் நிறுவனங்களுக்கு மதிப்பீடு செய்து கொடுப்பதே என் தொழில். நான் உங்கள் வீட்டுக்குள் இருப்பது அரைமணி நேரம். என்னைக் கேட்கிற கேள்வி: "கடன் கட்டாமல் போனால் இதை விற்று எங்கள் பணம் வருமா?" கூரை எத்தனை மழை தாங்கும் என்பதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. அதற்கு நீங்கள் தனியாக ஒருவரை வைக்க வேண்டும். தவணையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே இல்லை.

நீங்களே பார்க்கக்கூடியதும் உண்டு. ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஓடும் விரிசல். தலைமுடி போல இருந்தால் பூச்சு விரிசலாக இருக்கும். ஒரு நாணயத்தின் விளிம்பு உள்ளே போகிற அளவு அகலமும், படிக்கட்டு மாதிரி மடிந்து மடிந்து போகிற வடிவமும் இருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிது என்றால் அந்தச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். ஜில்லென்று இருந்தால் பின்னால் தண்ணீர் இருக்கலாம். அலமாரியைத் திறந்து முகருங்கள், ஈரவாடை பெயின்ட்டுக்கு அடங்காது. முடிந்தால் மழை நாளில் போய்ப் பாருங்கள், விற்பவர் கூப்பிட்ட நேரத்தில் மட்டும் போகாதீர்கள்.

மதிப்பீட்டைப் பற்றி இன்னொன்று, பணத்தில் நேரே அடிக்கும் விஷயம். நீங்கள் பேசின விலை 100, நான் 90 என்று எழுதினால், கடன் 90-ஐ வைத்துத்தான் கிடைக்கும். 80 சதவீதம் கொடுப்பவர் என்றால் 72 தருவார். நீங்கள் 80 வரும் என்று நினைத்து முன்பணம் கொடுத்திருப்பீர்கள், அந்த 8-க்கு எங்கே போவீர்கள்? முன்பண ஒப்பந்தத்திலேயே "கடன் இந்த அளவு கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் முன்பணம் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொழிலில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "விலைக்குச் சரியாக மதிப்பு போட்டுக் கொடுங்க சார்" என்று நமக்கு ஃபோன் வருகிறது. போடாவிட்டால் அடுத்த வேலை வேறொருவருக்குப் போகிறது. எனக்கும் போயிருக்கிறது. ஆனாலும் அந்த எண்ணை நம்பித்தான் ஒரு குடும்பம் இருபது வருஷத்தை எழுதிக் கொடுக்கிறது.

---

கருப்புஅங்கி

பத்திரத்துக்கும் அதேதான். வங்கி வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். அவர் கொடுத்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள், கிடைத்தால் படியுங்கள். ஆனால் மூலப்பத்திரத்தில் இருந்து இன்று வரை யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது, நடுவில் யாருடைய வாரிசு கையெழுத்துப் போடாமல் விடுபட்டார், வில்லங்கம் ஏதும் தீராமல் நிற்கிறதா என்பதை உங்களுக்காகவே ஒருவர் பார்க்க வேண்டும்.

கடன் முடிகிற நாளையும் இப்போதே யோசியுங்கள். ஒப்படைத்த அசல் ஆவணங்களின் பட்டியலை ஒவ்வொன்றாக எழுதி, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். இருபது வருஷம் கழித்து ஒரு காகிதம் காணோம் என்றால் அந்தப் பட்டியல்தான் பேசும். இந்தியாவில் இதற்கு 2023 செப்டம்பரில் விதி வந்தது: கடன் தீர்ந்து 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தர வேண்டும், தாமதம் அவர்களால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடன் தீர்ந்ததும் அடமானம் நீங்கியதைப் பதிவேட்டிலும் பதிய வையுங்கள். பலர் தடையில்லாச் சான்றை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். விற்கும்போதுதான் தெரியும், பதிவேட்டில் அடமானம் இன்னும் அப்படியே நிற்கும்.

---

பனித்தடம்

ஒரே ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். வெளிநாட்டு நாணயத்தில் வட்டி குறைவு என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். போலந்திலும் ஹங்கேரியிலும் ஏராளமான குடும்பங்கள் சம்பளம் ஒரு நாணயத்தில், வீட்டுக் கடன் சுவிஸ் ஃபிராங்கில் என்று எடுத்தன. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி யூரோவுக்கு எதிராக வைத்திருந்த வரம்பை விட்டதும் ஃபிராங்க் ஒரே நாளில் எகிறியது. கடன் பாக்கியும் அதோடு ஏறியது. ஹங்கேரியில் அதற்குக் கொஞ்சம் முன்பே சட்டம் போட்டு உள்நாட்டு நாணயத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்ததால் அங்கே அடி குறைந்தது. போலந்தில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓடின.

---

வரவுசெலவு

நிலாமுற்றம் அம்மா, கிளைக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி 9,01,667.

இன்றைய 9 சதவீதத்திலேயே 15 வருஷத்தில் முடிக்க வேண்டும் என்றால் தவணை 9,145. இப்போது கட்டுவதைவிட 1,392 அதிகம். மொத்தத்தில் 4,89,000 மிச்சம். அது முடியாது என்றால் 8,500 கட்டினாலும் 276 மாதம் 213 ஆகும். மாதம் 747 கூட்டி ஐந்து வருஷத்துக்கு மேல் வாங்கிவிடலாம். முதல் சின்னத் தொகைதான் அதிக மாதங்களைக் குறைக்கும், போகப் போகக் கிடைக்கும் பலன் குறையும். அதனால் பெரிய தொகை முடியவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், இன்று புதிதாக வருகிறவருக்கு அவர்கள் என்ன வட்டி கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பழைய வாடிக்கையாளரிடம் அதிகமும் புதியவரிடம் குறைவும் வாங்குவது எங்கும் நடக்கிறது. கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

---

நிலாமுற்றம்

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாரும் மன்னிக்கணும்.

கடிதம் எழுதி, இரண்டு நகல் எடுத்து, நானும் அவரும் சேர்ந்து போனோம். முதலில் பேசின பெண், "மேடம், தவணை ஏறவே இல்லையே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார். நான் ஸ்டேட்மென்ட்டை விரித்து 36, 37-ஆம் வரிகளில் ஸ்கேலை வைத்தேன். அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "எனக்கும் இங்கேயே லோன் இருக்கு மேடம், நான் என்னுடையதைப் பார்த்ததே இல்லை" என்றார். அதற்குப் பிறகு அவரே எழுந்து மேலாளரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

புதியவர்களுக்கு 8.5. எங்களுக்கு 9. மாற்றிக்கொள்ளக் கட்டணம் ஒரு தவணையில் பாதிகூட இல்லை. இரண்டு வருஷமாக இந்த வழி திறந்தே இருந்திருக்கிறது. கட்டணம் கட்டி மாற்றினோம். தவணையை 8,500 ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். 9,000 கட்டினால் 176 மாதத்தில் முடிந்துவிடும் என்று மேலாளர் போட்டுக் காட்டினார், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பெரியவளுக்கு அடுத்த வருஷம் கல்லூரி. அவள் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவெடுத்தோம்.

வக்கீல் ஐயா, பெயர் சேர்ப்பதற்கு என் கணவரே முதலில் வாய் திறந்தார், நான் கேட்கவில்லை. சம்மதக் கடிதத்துக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

இன்று காலை புது ஸ்டேட்மென்ட் வந்தது. அடுத்த தவணை வரியில் அசலுக்கு 990 போக வேண்டிய இடத்தில் 2,113. மீதித் தவணைகள் 198.

---

புதுமனை

அக்கா, படித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை போய் மூன்று வாரம் ஆகிறது, அதே வட்டியோடு ஏஜென்ட் நேற்றும் ஃபோன் செய்தார். காப்பீடு கட்டாயம் என்று எழுதித் தரவில்லை, கடிதத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து வரும் வட்டியை எப்படிக் கணக்கிடுவார்கள் என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் இல்லை. அது வரும்வரை கையெழுத்து இல்லை. நாளைக்கு மழை வரும் என்கிறார்கள், வீட்டை இன்னொரு தரம் போய்ப் பார்க்கப் போகிறேன்.

---

செங்கல்சூளை

மாடிக்கு ஏறிப் பாருங்கள் தம்பி, தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று. போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.